அமெரிக்கர் கண்ட கல்லூரியும் நமது வாலிபர் சங்கமும்

ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றோம். தேவாரத்துடன் கூட்டத்தைத் தொடங்குகின்றோம். தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை, செயலாளர் அறிக்கை, விவாதம், நன்றியுரை என ஒழுங்கு தவறாமல் நடத்துகின்றோம். மாலையானால் வலை கட்டிக் கரப்பந்தாட்டம் ஆடுகின்றோம். இவையெல்லாம் நமக்குப் பிறவியிலேயே வாய்த்தவை போலத் தோன்றுகின்றன. ஆயின் இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் கோயில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. புராண படனம் இருந்தது. வாலிபர் சங்கம் என்னும் ஒன்று இருந்ததில்லை. அது எவ்வழியாக நம்மிடம் வந்தது? அவ்வழியை அறிந்துகொள்வது, வந்த பொருளை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்று சிந்திப்பதற்கும் உதவும்.

சிறிய கல்லூரிகளின் நாடு

ஐக்கிய அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களை யாவரும் அறிவர். ஆயினும் அந்நாட்டின் கல்வி வரலாற்றைச் சமைத்தவற்றுள் சின்னஞ்சிறு ஊர்களில் எழுந்த சிறிய கல்லூரிகளுக்குப் பெரும் பங்குண்டு. அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் ஊராரும் சமயச் சபையினரும் பொருள் திரட்டி அவற்றை நிறுவினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கற்ற மாணவன் காலையில் மணி ஒலித்ததும் ஆலயத்தில் வழிபாட்டுக்குச் செல்வான், பகலில் பாடம், மாலையில் விளையாட்டு, இரவில் இலக்கியச் சங்கத்தில் சொற்போர். வறிய மாணவர் விறகு பிளந்தும், உணவு மண்டபத்திற் பரிமாறியும் தம் செலவுக்குப் பணம் தேடினர். மாணவரே சங்கம் நடத்தினர். மாணவரே பத்திரிகை வெளியிட்டனர். ஆசிரியரிடம் கற்றது பாதி என்றால், தம்முள் கூடிக் கற்றது மறுபாதி எனலாம்.

இக்கல்லூரிகளுக்கும் தமிழகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்தவர் எலிகு யேல். அவர் 1718இல் அனுப்பிய பொருட்கொடைக்கு நன்றியாகவே யேல் கல்லூரி அவர் பெயரைப் பெற்றது. சென்னையில் இருந்து செல்வம் சேர்த்தவரின் பெயர் அமெரிக்கக் கல்லூரியொன்றின் வாயிலில் நிலைத்தது. அமெரிக்கர் பணம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதற்குப் பிந்திய கதை.

அக்கதை ஒரு வைக்கோற் போரின் அடியில் தொடங்குகிறது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் என்னும் சிறு கல்லூரி. 1806ஆம் ஆண்டு அக்கல்லூரி மாணவர் ஐவர் வெளியிற் கூடிப் பேசியிருந்தபோது இடியும் மழையும் வந்தன. வைக்கோற் போரின் மறைவில் ஒதுங்கி நின்று, தம் சமயத்தைக் கடல் கடந்து ஆசியாவிற் பரப்புவது குறித்து அவர்கள் உறுதி பூண்டனர். அந்த மாணவர் எழுச்சியின் பயனாக 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் எழுந்தது. 1816இல் அச்சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கித் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். அவர்களுள் ஒருவரான தானியேல் பூவர், டாட்மத் என்னும் மற்றொரு சிறிய கல்லூரியிற் கற்றவர்.

வட்டுக்கோட்டைச் செமினரி

திருநெல்வேலிக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் உள்ளது வட்டுக்கோட்டை. அங்கே 1823இல் பூவரைத் தலைவராகக் கொண்டு செமினரி தொடங்கிற்று. கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழ் இலக்கணமும் வடமொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. உணவும் உடையும் இலவசம். அமெரிக்காவிலுள்ள கொடையாளி ஒருவர் ஒரு மாணவனுக்குப் பணம் அனுப்பினால் அவர் விரும்பிய பெயரை அம்மாணவனுக்குச் சூட்டுவர். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை எனத் தமிழறிஞர் பெயர்களின் முன்னே அந்நியப் பெயர்கள் நிற்பதன் காரணம் இதுவே. கல்விக்காகப் பெயரையே கொடுத்த காலம் அது.

பெயரைக் கொடுத்தவர்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. தொடக்கத்தில் மிஷன் வளவினுள் சமைத்த உணவை உண்ண மாணவர் மறுத்தமையால், வளவுக்கு வெளியே சமையல் நடத்த வேண்டியதாயிற்று. இதனைச் சமயப் பற்று எனச் சிலர் கூறுவர். சாதி ஆசாரமும் அதனுள் கலந்திருந்தது என்பதை நாம் மறைத்தலாகாது.

பட்டமளிக்கும் உரிமையுடைய கல்லூரியாக அதனை உயர்த்த அமெரிக்கர் விரும்பினர். அந்நிய நாட்டாரென்று ஐயுற்ற ஆங்கில அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. பின்னர், ஆங்கிலக் கல்வி பெற்றவர் உத்தியோகம் நாடிச் செல்கின்றனரேயன்றிச் சமய ஊழியத்துக்கு வருவதில்லை என அமெரிக்காவிலுள்ள தலைமையகமே எண்ணத் தலைப்பட்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது.

அதன் பெருமை மூடிய பின்னரே விளங்கிற்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டை மாணாக்கர். தாமோதரம்பிள்ளை சைவத்திற் சேர்ந்து, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெருமகனார் என்பது யாவரும் அறிந்ததே. அமெரிக்கர் நாட்டிய மரம் அவர்கள் எதிர்பாராத கனியைத் தந்தது.

இருபதாம் நூற்றாண்டின் மாணவன்

ஊரார் வேண்டுகோளாலும் பழைய மாணவர் முயற்சியாலும் 1872இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அமெரிக்கச் சிறு கல்லூரியின் வாழ்க்கை முறை நம் மண்ணில் வேரூன்றியது இங்கேதான். வட்டுக்கோட்டையில் 1861இல் பிறந்த மிஷனரி மகன் பிராங்க் சாண்டர்ஸ், அமெரிக்காவில் ரிப்பன் என்னும் சிறிய கல்லூரியிற் பட்டம் பெற்றுத் தாம் பிறந்த ஊருக்கே ஆசிரியராக மீண்டார். அவர் முயற்சியால் 1884இல் கல்லூரியில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தோன்றியது. ஆசியாவின் முதல் மாணவர் வாலிபர் சங்கம் என அது போற்றப்படுகிறது. மாணவர் தாமே பொருள் தேடி எழுவைதீவில் பள்ளிக்கூடமொன்றை ஆதரித்தனர். செயலாளர், பொருளாளர், மாதக் கூட்டம், கணக்கறிக்கை என்பவற்றைக் கையாண்டு பழகிய அந்த இளைஞர் கூட்டம் நம் நாட்டுக்குப் புதியது.

1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதப் பாதை முழுமையாயிற்று. படித்த பிள்ளை புகையிரதமேறிக் கொழும்புக்கும், கப்பலேறி மலாயாவுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றான். ஆகவே பெற்றோர் நிலத்தை ஈடு வைத்தும் ஆங்கிலம் படிப்பித்தனர். பெட்டியும் பாயும் மாட்டு வண்டியில் ஏற்றி வட்டுக்கோட்டை விடுதிக்கு அனுப்பப்பட்ட சைவப் பிள்ளை, நெற்றியில் திருநீற்றுடன் சென்று அங்கே வேதாகம வகுப்பில் அமர்ந்தான். கல்லூரி முன்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின் அத்தொடர்பு அறுந்தது. கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகள் அதன் இடத்தைப் பிடித்தன. வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு, அமெரிக்கரிடம் கற்று, இலண்டனார் அனுப்பிய வினாத்தாளுக்கு விடை எழுதிய மாணவன் தன் மொழி எது, தன் நாடு எது என்று கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

விளையாட்டும் இவ்வழியே வந்தது. கரப்பந்தாட்டம் 1895இல் மசச்சூசெற்ஸில் ஹோலியோக் நகரக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் தோன்றியது. 1916இல் கொழும்புக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக இலங்கைக்கு வந்தது. இன்று அது இந்நாட்டின் தேசிய விளையாட்டு. நம் வளவிற் கட்டப்படும் வலைக்கும் ஒரு வரலாறு உண்டு!

சைவத்தின் மறுமொழி

நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி வழிகாட்டினார். மிஷனரிமார் கையாண்ட பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம் ஆகிய கருவிகளையே சைவத்துக்கு ஆக்கிய பெருமை அவருடையது. அவர் வழியில் 1888இல் சைவ பரிபாலன சபையும், 1889இல் இந்துசாதனமும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் தோன்றின. அவ்விந்துக் கல்லூரியின் தொடக்க வரலாற்றில் வட்டுக்கோட்டையிற் பயின்ற நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளைக்கும் பங்குண்டு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1897இல் அமெரிக்கப் பயணத்தின் பின் யாழ்ப்பாணம் வந்த சுவாமி விவேகானந்தரின் சொற்கள் இளைஞர் உள்ளத்திற் புதிய ஊக்கத்தை எழுப்பின.

சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்து ஆன்மிகம் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவை நியூயோர்க்கில் நூலாகவும் வெளிவந்தன. மீண்டு வந்தபின் 1913இல் மருதனாமடத்திற் பெண்களுக்கும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கும் தம் சொந்தப் பொருளிற் கல்லூரிகள் கண்டார். நம்மூர்ப் பரமேஸ்வராக் கல்லூரி அவ்வாறு எழுந்ததே. விடுதியும், சிவன் கோயிலும், வழிபாடும், வகுப்பும் ஒரே வளவில் அமைந்தன. அமெரிக்கச் சிறு கல்லூரியில் ஆலயம் எவ்விடம் பெற்றதோ அவ்விடத்தை இங்கே சிவாலயம் பெற்றது. நம்மூரிலேயே சைவாசிரியர் கலாசாலையும் எழுந்து, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்ற பேரறிஞரின் கற்பித்தலாற் சிறந்தது.

ஒரே பந்தியில் யார்?

கல்லூரி எழுப்புவது ஒன்று. அதனுள் யாரை எங்கே இருத்துவது என்பது வேறொன்று. 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலில் வளர்ந்தவர். அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். 1915 முதல் 1936 வரை அதிபராயிருந்த அமெரிக்கர் ஜோன் பிக்னெல் காலத்தில் மாணவரும் ஆசிரியரும் அரசியல் பேச அங்கே இடமிருந்தது. கிறிஸ்தவரும் சைவரும் ஒன்றாய் அமர்ந்தனர். பூரண சுயராச்சியம், சிங்களவர் தமிழர் ஒற்றுமை, தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு என்பவற்றை முழக்கினர். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவ்விளைஞரின் அழைப்பின் பேரிலே. 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி இவர்கள் கேட்டபோது வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அது நன்றோ தீதோ என்று இன்றும் அறிஞர் வாதிடுவர். ஆயினும் மாணவர் தர்க்க சங்கத்திற் பழகிய நாவுக்கு எத்துணை வலிமை உண்டென்று நாடு கண்டது.

தேர்தலை நிறுத்த முடிந்த யாழ்ப்பாணத்துக்கு வாங்கில் ஒருவரை அமர்த்துவது எளிதாக இருக்கவில்லை. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்க வேண்டுமென வற்புறுத்தப்பட்டபோது, பெரியோர் பலர் எதிர்த்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கல்வி வள்ளல் இராமநாதனே சர்வசன வாக்குரிமையை ஏற்க மறுத்தவர். அவர் நமக்குச் செய்த நன்மையை மறவோம். அவர் காணத் தவறியதையும் மறைக்க வேண்டியதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டம், அந்தக் கணக்கு நாற்பது ஆண்டுகளின் பின்னரும் தீரவில்லை என்பதைக் காட்டிற்று.

இதற்கிடையே மனத்துக்கு இதமான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. கிறிஸ்தவரான பேரின்பநாயகத்தை 1949இல் நம் அயலூரான கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. 1960 வரை அவர் அங்கே பணியாற்றினார். வட்டுக்கோட்டைக்குச் சைவப் பிள்ளை படிக்கச் சென்ற காலம்போய், அங்கிருந்தவர் இந்துக் கல்லூரியை நடத்த வந்த காலம் வந்தது.

இரு வழிகள் கூடிய இடம்

1974ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்கள் அதன் இருப்பிடமாயின. விஞ்ஞானத் துறைகள் முதலில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியில், அதாவது வட்டுக்கோட்டையில், தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்கர் விரும்பியும் அரசாங்கம் மறுத்த பல்கலைக்கழகம், இராமநாதன் எழுப்பிய வளவில், நம் ஊரில், ஒன்றரை நூற்றாண்டின் பின் உருவாயிற்று. பரமேஸ்வராச் சந்தியில் நிற்கும் மாணவன் இந்த இரண்டு வழிகளும் கூடிய இடத்திலே நிற்கிறான்.

வாலிபர் சங்கம் என்ற வடிவத்தை நாம் பிறரிடமிருந்து பெற்றோம். இதில் நாண வேண்டியது எதுவுமில்லை. நாவலர் அச்சியந்திரத்தைப் பெற்றதற்கு நாணினாரா? வாங்கிய விளக்கில் நம் நெய்யை ஊற்றி ஏற்றினோம். தேவாரம் நம்முடையது, திருவிழாத் தொண்டு நம்முடையது, குருபூசை நம்முடையது. ஆனால் 1884இலும் 1924இலும் கூடிய அந்த இளைஞர்கள் தம் வீட்டார் கேட்க விரும்பாத கேள்விகளைத் தம்முள் கேட்டனர். கூட்ட ஒழுங்கு மட்டும் நம்மிடம் தங்கி, அந்தக் கேள்வி போய்விடுமானால், நாம் பெற்றது உமியேயன்றி அரிசியன்று.

நம் சங்கத்தின் அன்னதானப் பந்தியில் யார் யார் ஒன்றாக அமர்கின்றனர்? யார் பரிமாறுகின்றனர்? நம் உறுப்பினர் ஏட்டில் எந்த வீதிப் பெயர்கள் இல்லை? சங்கத்து வாங்கில் பெண்பிள்ளைகளுக்கு இடமுண்டா? அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குடன் இக்கணக்கையும் செயலாளர் வாசிப்பாராக. பெரியோர்கள் அதனைப் பொறுமையுடன் கேட்டு வழிகாட்டுவார்களாக.

மழைக்கு ஒதுங்கிய ஐந்து மாணவரின் பேச்சு கடல் கடந்து வட்டுக்கோட்டை வரை வந்தது. நம் சங்க மண்டபத்தில் ஐவரல்லர், அதனினும் பலர் கூடுகின்றனர். திருவருள் துணை நிற்க, நம் பேச்சு நம்மூரின் எல்லா வீதிகளையும் சென்று சேர்வதாக.