வசூலுக்கு வந்த ராபின் ஹூட்

ராபின் ஹூட் என்றதும் பச்சை உடை, வில், அம்பு, பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் குணம் இவைதாம் நம் நினைவுக்கு வரும். பள்ளிப் புத்தகத்திலோ சினிமாவிலோ நாம் பார்த்த உருவம் அது. ஆனால் சினிமா பிறப்பதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்து மக்கள் இவனை மேடையேற்றிவிட்டார்கள். மேடை என்றால் ஊர்த் தெருவும் தேவாலயத் திடலும்தான். நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரில் குடியிருந்தவர்கள். எதற்காக நடித்தார்கள் என்பதுதான் சங்கம் வைத்து வாழும் நமக்குச் சுவையான செய்தி: பொதுக்காரியத்துக்கு வசூல் செய்வதற்காக!

இந்த நாடகத்தைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பே ஒரு வரவு செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. 1427இல் எக்சிடர் நகரத்தார், ராபின் ஹூட் நாடகம் போட்டவர்களுக்குப் பணம் கொடுத்ததாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். 1473இல் சர் ஜான் பாஸ்டன் என்ற செல்வந்தர் ஒரு கடிதத்தில் புலம்புகிறார்: ராபின் ஹூட் வேடம் போடுவதற்கென்று மூன்றாண்டு வைத்திருந்த வேலையாள் இப்போது விட்டுப் போய்விட்டானாம். நல்ல ஆள் கிடைப்பது அன்றைக்கும் கஷ்டம்தான்.

அந்நாட்டில் குளிர் விலகி வசந்தம் வரும் மே மாதத்தை ஒட்டித் தேவாலயப் பங்குகளில் திருவிழா நடக்கும். பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. லண்டனுக்கு அருகில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டனில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பங்குக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. ராபின் ஹூட்டுக்கும் லிட்டில் ஜானுக்கும் உடை, காலணி, கையுறை வாங்கிய செலவு அவற்றில் உண்டு. காசு போட்டவர்களின் சட்டையில் குத்திவிடச் சின்னங்களும் குண்டூசிகளும் வாங்கியிருக்கிறார்கள். சின்னத்தைக் குத்திக்கொண்டவர் அன்றைக்கு ராபின் ஹூட்டின் கூட்டத்தில் ஒருவர் ஆகிவிடுவார். சேர்ந்த பணம் தேவாலயப் பராமரிப்புக்கும் பங்கின் பொதுச் செலவுக்கும் போனது.

சோமர்செட் பகுதியிலுள்ள யோவில் என்ற ஊரில் இன்னும் வேடிக்கை. அங்கே ராபின் ஹூட் வேடம் கட்டியவர்கள் பெரும்பாலும் தேவாலயக் கணக்குப் பார்த்து ஓய்ந்த முன்னாள் பொறுப்பாளர்கள். பொருளாளராக இருந்தவரே கொள்ளைக்காரனாக வந்து காசு கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ராபின் ஹூட்டைப் பற்றிய பழைய கதைப்பாடல்களில், அவன் ஏழைகளுக்குப் பணத்தைப் பங்கிட்டுத் தரும் காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றுள் நீண்ட பாடலில் அவன் செய்யும் பெரிய உதவி, கடனில் முழுகிய ஒரு குதிரைப்படை வீரனுக்கு 400 பவுண்டு கடன் கொடுப்பதுதான். ‘இங்கே வாங்கி அங்கே கொடுப்பவன்’ என்ற பெயர் மக்கள் மனத்தில் ஊன்றியதற்கு, ஆண்டுதோறும் அவன் வேடத்தில் வந்து பொதுவுக்குப் பணம் திரட்டிய இந்த அக்கம்பக்கத்தாரும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

மேலே இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஹியூ லாட்டிமர் என்ற பேராயர், தாம் பட்ட பாட்டை 1549இல் அரசர் முன்னிலையில் செய்த பிரசங்கத்திலேயே சொன்னார். மறுநாள் காலை பிரசங்கம் செய்வதாக முன்கூட்டியே ஓர் ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. அரை மணிக்கு மேல் காத்திருந்த பிறகுதான் சாவி கிடைத்தது. கடைசியில் ஒருவர் வந்து, இன்று ராபின் ஹூட் நாள், ஊரே வசூலுக்குப் போயிருக்கிறது என்றாராம். கடவுளின் வார்த்தையைவிட ஒரு திருடன் பெரியவனாகிவிட்டானே என்று பேராயருக்கு ஆற்றாமை.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1555இல் ராபின் ஹூட் வேடத்துக்குத் தடையே போட்டது. வேடத்தை ஏற்பவருக்கு நாடு கடத்தல் தண்டனை. 1561இல் எடின்பரோவில் தடையை மீறிய தொழிலாளர்களில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். கூட்டம் தூக்குமரத்தை உடைத்து, சிறைக் கதவைத் திறந்து அவரை மீட்டுக்கொண்டு போனது. நாடகத்தில் நடந்தது தெருவிலும் நடந்துவிட்டது.

பிறகு கதை, காசு கொடுத்துப் பார்க்கும் அரங்குகளுக்குப் போயிற்று. 1598இல் ஆண்டனி மண்டே லண்டன் நாடகக் குழு ஒன்றுக்காக எழுதினார். முதல் பாகத்துக்கு 5 பவுண்டு கூலி. கதைப்பாடல்களில் பிரபுவாகவும் இல்லாமல் கூலியாளாகவும் இல்லாமல் நடுத்தரக் குடியானவனாக இருந்தவனை அவர்தான் ஹன்டிங்டன் பிரபுவாக உயர்த்தினார். சதியால் சொத்தை இழந்த சீமான் ஆகிவிட்டான் ராபின். ஊர்க் கூத்தின் கேலியும் ஆட்டமும் எங்கே என்று அந்த நாடகத்திலேயே ஒரு பாத்திரம் கேட்கிறது. ரசிகர்கள் கேட்பார்கள் என்று ஆசிரியருக்கே தெரிந்திருக்கிறது.

1661 ஏப்ரல் 23 அன்று, இரண்டாம் சார்லஸ் முடிசூடிய நாளில், நாட்டிங்காமில் போட்ட குறுநாடகத்தில் ராபின் கூட்டத்தார் மன்னிப்பை ஏற்று அரசருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து முடியாட்சி திரும்பிய காலம். வேறு முடிவு எழுத முடியாது. 1784இல் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய இசை நாடகத்தை எழுதியவர் லெனர்ட் மக்நாலி. அயர்லாந்துப் புரட்சிக்காரர்களுக்காக வாதாடிய இந்த வழக்கறிஞர், அவர்களைப் பற்றி அரசுக்கே ரகசியத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது 1820இல் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. 1892இல் கவிஞர் டென்னிசனின் நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது. 1965இல் லயனல் பார்ட் தம் கைப்பணத்தைக் கொட்டி லண்டனில் எடுத்த இசை நாடகம் படுதோல்வி அடைந்தது. அந்த முறை ராபின் காலி செய்தது ஆசிரியரின் பையைத்தான்.

ராபின் ஹூட் என்று ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தானா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவனாக வேடம் கட்டி ஊருக்காகக் காசு திரட்டியவர்கள் வாழ்ந்ததற்குச் சான்று இருக்கிறது. அவர்கள் பேசிய வசனம் ஏறக்குறைய எல்லாம் அழிந்துவிட்டது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய கையுறைச் செலவும் குண்டூசிச் செலவும்தான் 500 ஆண்டு தாண்டி வந்து அவர்களைப் பற்றி நமக்குச் சொல்கின்றன. ஆகவே ஆண்டு விழா முடிந்து, வரவு செலவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்த பிறகு யாரும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். கோப்பில் இருக்கட்டும்.