வட்டை வாங்கியவனும் படத்தை வைத்திருப்பவனும்

பிரான்ஸில் ஒருவர் டேவிட் லிஞ்ச்சின் 'முல்ஹாலண்ட் டிரைவ்' படத்தின் டிவிடியைக் கடையில் விலை கொடுத்து வாங்கினார். அதைத் தம் தாயார் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினார். தாயாரிடம் இருந்ததோ பழைய வீடியோ கேசட் கருவி மட்டுமே. டிவிடியிலிருந்து கேசட்டுக்குப் படத்தை மாற்ற முயன்றபோது அது இயலவில்லை. வட்டில் பிரதியெடுப்புக்கு எதிரான பூட்டு இருந்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்றின் துணையோடு அவர் நீதிமன்றம் சென்றார். கீழ்நீதிமன்றம் 2004இல் அவருக்கு எதிராகவும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அவருக்குச் சாதகமாகவும், நாட்டின் உயர்ந்த சிவில் நீதிமன்றமான காசேஷன் நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் மீண்டும் எதிராகவும் கூறின. பிரெஞ்சுச் சட்டம் தனிமனிதப் பிரதியை அனுமதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது சட்டம் விட்டுக்கொடுக்கும் ஒரு விலக்கு மட்டுமே, பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

விலக்கு வேறு, உரிமை வேறு. கேட்பதற்கு இலக்கண நூலார் செய்யும் நுண்ணிய பாகுபாடு போல இருக்கிறது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளாக, தாம் வாங்கிய படத்தை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாற்ற நினைத்த அனைவரும் வந்து முட்டிக்கொண்ட சுவர் அதுவே.

இந்த வழக்குகளின் மூத்த தாய் அமெரிக்காவில் இருக்கிறாள். சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமாக்ஸ் ஒளிப்பதிவுக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யூனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தொலைக்காட்சியில் வரும் படத்தை வீட்டில் பதிவு செய்வது திருட்டு, அதற்குக் கருவி விற்பவன் திருட்டுக்குத் துணை போகிறவன் என்பது அவர்களின் வாதம். 1982இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வலெண்டி, இக்கருவியைத் தனியே வீட்டில் இருக்கும் பெண்ணைத் தேடிவரும் பாஸ்டன் நகரக் கொலைகாரனோடு ஒப்பிட்டார். உவமைகளில் மிகைநயம் நமக்குப் புதிதல்ல என்றாலும், இது கொஞ்சம் அதிகம்தான்.

1984 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் வீட்டுப் பதிவுக் கருவியின் வரலாறே வேறாக இருந்திருக்கும். ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பிறகு பார்ப்பது வெறும் நேரமாற்றம். அது நியாயமான பயன்பாடு என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், குடும்பங்கள் தம் நிகழ்ச்சியைப் பதிந்து வசதியான நேரத்தில் பார்ப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று சாட்சி சொன்னதைத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் அவர் சேர்த்திருக்கிறார். பிற்பாடு அந்தக் கொலைகாரக் கேசட்டே ஹாலிவுட்டுக்குத் திரையரங்கை விஞ்சிய வருவாயை ஈட்டிக் கொடுத்தது என்பது எல்லோரும் அறிந்த கதை.

நேரமாற்றம் சரி, இடமாற்றம்? அந்தக் கேள்வி இசையில் முதலில் எழுந்தது. 1998இல் வந்த ரியோ என்ற கையடக்கக் கருவி 32 மெகாபைட் நினைவகம் கொண்டது. ஒரு மணி நேரப் பாட்டுக்கு மேல் கொள்ளாது. இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்கிட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கணினியில் ஏற்கெனவே உள்ள பாடலைக் கையடக்கக் கருவிக்கு மாற்றுவதை இடமாற்றம் என்றே குறிப்பிட்டு, வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாடு என ஏற்றது. 2005இல் உச்சநீதிமன்றத்தில் நடந்த வேறொரு வழக்கில், வாங்கிய குறுந்தகட்டை ஐபாடுக்கு மாற்றிக்கொள்வது முற்றிலும் சட்டப்படியானது என்று இசை நிறுவனங்களின் வழக்கறிஞரே நீதிபதிகள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்.

அதே 2005 அக்டோபரில் படம் காட்டும் ஐபாடை ஆப்பிள் வெளியிட்டது. இரண்டரை அங்குலத் திரை. இங்கேதான் விநோதம். கணினியின் அதே துளையில் இசைத்தட்டைச் செருகினால் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் பாடல்களை எடுத்து அடுக்கிவைத்தது. டிவிடியைச் செருகினால் கைகட்டி நின்றது. இரண்டும் ஒரே அளவு வட்டம், இரண்டும் கடையில் வாங்கியவை. வேறுபாடு ஒன்றே ஒன்று: இசைத்தட்டு பூட்டு இல்லாத காலத்தில் பிறந்தது.

டிவிடியின் பூட்டு 1996இல் ஜப்பானில் வட்டு அறிமுகமானபோதே உடன்பிறந்தது. படம் ஒரு சாவியால் குலைக்கப்பட்டிருக்கும். அந்தச் சாவி இன்னொரு சாவிக்குள் இருக்கும். அந்த இரண்டாம் சாவி, உரிமம் பெற்ற கருவித் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரின் சாவியாலும் தனித்தனியே மூடப்பட்டு வட்டின் தொடக்கப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். சாவியின் நீளம் 40 பிட் மட்டுமே. வீட்டுக் கணினியில் வெற்று வட்டுக்கு எழுதும்போது அந்தத் தொடக்கப் பகுதியை எழுத முடியாது. ஆனால் அச்சு ஆலை வைத்திருக்கும் திருட்டு வணிகன், பூட்டோடு சேர்த்து முழு வட்டையும் அப்படியே வார்த்துவிடலாம். அவன் பூட்டை உடைக்கவே தேவையில்லை. ஆக இந்தப் பூட்டு யாரைக் கட்டுப்படுத்தியது? உரிமம் பெற வேண்டிய கருவித் தயாரிப்பாளரையும், வீட்டில் இருக்கும் பார்வையாளரையும். உரிமம் பெற்றவர் மண்டல எல்லையையும் மதித்தாக வேண்டும். அமெரிக்கா ஒன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த வட்டு இங்குள்ள கருவியில் ஓடாமல் போனதை அனுபவித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். திருட்டைத் தடுப்பதைவிடச் சந்தையை வேலி கட்டிப் பிரிப்பதிலேயே இப்பூட்டு அதிகம் வெற்றி கண்டது என்பது என் எண்ணம்.

1999 அக்டோபரில் பூட்டு திறந்தது. நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சென் என்ற பதினைந்து வயதுச் சிறுவன், பெயர் வெளியிடாத இருவரோடு சேர்ந்து டீசிஎஸ்எஸ் என்ற சிறு நிரலை இணையத்தில் வெளியிட்டான். ஒரு நிறுவனம் தன் மென்பொருளில் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தது, அதுவே வழியாயிற்று. லினக்ஸ் கணினியில் படம் பார்க்க உரிமம் பெற்ற மென்பொருள் ஏதும் இல்லை, அதற்காகவே செய்தோம் என்பது அவர்கள் தரப்பு. 2000 ஜனவரியில் நார்வேக் காவல்துறை அவன் வீட்டைச் சோதனையிட்டது. பிறர் சொத்தின் பூட்டை உடைத்துத் தகவலைக் கவர்ந்தான் என்பது குற்றச்சாட்டு. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. வட்டு அவனுடையது, அதிலுள்ள படத்தைப் பார்க்கும் தகுதி அவனுக்கு உண்டு, தன் பெட்டியைத் தானே திறந்தவன் எப்படித் திருடனாவான் என்ற எளிய தர்க்கத்தின் மேல் அத்தீர்ப்பு நின்றது.

அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. 1998ஆம் ஆண்டின் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியை வழங்குவதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியிருந்தது. நிரலை வெளியிட்ட '2600' என்ற பத்திரிகைக்கு எதிராக 2000 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரல் என்பதும் எழுத்துதானே, எழுத்தைத் தடைசெய்யலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிரலைச் சட்டைகளில் அச்சிட்டு அணிந்தார்கள். ஃபில் கார்மடி என்பவர் அந்நிரலைத் தன்னுள் கொண்ட 1,401 இலக்கப் பகா எண் ஒன்றை 2001இல் கண்டுபிடித்தார். ஓர் எண்ணைச் சட்டவிரோதமாக்க முடியுமா என்ற கேலி அதில் இருந்தது. சேத் ஷோயென் என்பவர் பூட்டைத் திறக்கும் முறை முழுவதையும் நூற்றுக்கணக்கான ஹைக்கூக்களாக எழுதினார். மருந்துக் குறிப்பையும் அகராதியையும் கணக்கையும் செய்யுளில் வைத்த மரபில் வந்த நமக்கு அதில் பெரிய வியப்பு இருக்காது. சூடாமணி நிகண்டைத் தெரிந்த எவரும், அது கவிதையா கையேடா என்ற கேள்வியே பிழை என்று நீதிபதியிடம் சொல்லியிருப்பார்கள்.

2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பத்திரிகைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நியாயமான பயன்பாடு என்பதற்கு மிகச் சிறந்த தரத்தில் பிரதி கிடைத்தாக வேண்டும் என்று பொருளில்லை, வேண்டுமானால் படம் ஓடும் திரையை நோக்கி ஒளிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அது வழி சொன்னது. இதைச் சிலர் நகைச்சுவை என்று எண்ணக்கூடும். 2009இல் விதிவிலக்குகள் பற்றிய விசாரணையில் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், ஆசிரியர்கள் வகுப்புக்கான காட்சிகளை அவ்வாறே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குச் செயல்முறை விளக்கப் படம் ஒன்றைப் போட்டே காட்டியது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நிற்கும் கேமராவை அதில் காணலாம். வகுப்பறையில் நிற்கிறவன் என்ற முறையில் இதை என்னால் சிரித்துக் கடக்க இயலவில்லை. ஆயினும் 2006இல் திரைப்படத் துறைப் பேராசிரியர்களுக்கும், 2010இல் பிற கல்லூரி ஆசிரியர்களுக்கும், காட்சித் துண்டுகளை எடுக்கப் பூட்டைத் திறக்கும் விலக்கு கிடைத்தது. சாதாரண மனிதர் தம் கையடக்கக் கருவிக்குப் படத்தை மாற்ற விலக்குக் கேட்டபோது 2012இல் மறுக்கப்பட்டது.

கருவி விற்றவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிவிடியைப் பிரதியெடுக்கும் மென்பொருள் விற்ற 321 ஸ்டுடியோஸ் 2004 பிப்ரவரியில் வழக்கில் தோற்று ஆகஸ்டில் மூடப்பட்டது. ரியல்நெட்வொர்க்ஸ் 2008இல் ஒரு மென்பொருளை வெளியிட்டது. பூட்டைக் கழற்றாமல், மேலும் ஒரு பூட்டைச் சேர்த்தே படத்தைக் கணினியில் வைக்கும் அளவு பணிவான மென்பொருள். அதற்கும் 2009இல் தடை. ஒருவர் தமது வட்டைச் சேமித்து வைப்பது நியாயமான பயன்பாடாகவே இருக்கலாம், ஆயினும் அதைச் செய்துதரும் கருவியை விற்பது குற்றம் என்பது நீதிபதி பட்டேலின் நிலைப்பாடு. நடக்கலாம், செருப்பு விற்கக்கூடாது என்பது போல.

பிறகு ஸ்டுடியோக்களே விற்பனைக்கு வந்தன. 2008 முதல் சில வட்டுகளோடு ஐட்யூன்ஸுக்கான எண்ணிமப் பிரதியும் சேர்த்துத் தரப்பட்டது. 2012இல் வால்மார்ட் கடைக்குப் பழைய டிவிடியை எடுத்துச் சென்று, ஒரு படத்துக்கு இரண்டு டாலர், உயர்தரத்துக்கு ஐந்து டாலர் கொடுத்தால், இணையக் கணக்கில் பார்க்கும் உரிமை கிடைத்தது. வட்டு நம்முடையது, அதை மாற்றிக்கொள்ளக் கட்டணம் அவர்களுடையது. அந்த உரிமைகளைப் பதிவு செய்து வைத்திருந்த அல்ட்ராவயலட் என்ற ஏற்பாடு 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது.

பிரிட்டன் 2014 அக்டோபரில் சொந்தப் பிரதிக்குச் சட்ட அனுமதி தந்தது. அப்போதும் பூட்டை உடைக்கலாகாது. முறையீடு செய்ய வேண்டுமானால் அமைச்சருக்கு எழுத வேண்டும். இசைக்கலைஞர் அமைப்புகள் வழக்கிட்டன. படைப்பாளிக்கு இழப்பு மிகச் சிறிது என்பதற்கு அரசு போதிய சான்று காட்டவில்லை என்று கூறி 2015 ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதன் ஆயுள் ஓராண்டுகூட இல்லை. ஜெர்மனி 1965இலேயே பதிவுக் கருவிகளின் விலையில் ஒரு சிறு தொகையைச் சேர்த்துப் படைப்பாளிகளுக்குக் கொடுக்கும் வழியைக் கண்டது. எனக்கு அதுவே நாகரிகமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. எழுதியவனுக்கும் பணம் போகிறது, வாங்கியவனும் திருடன் ஆவதில்லை.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், சொந்தப் பயன்பாட்டுக்கான விலக்கு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கே இருந்தது. திருத்தம் அதைத் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் விரித்தது. அதே திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவு, பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே. அமெரிக்கச் சட்டம் கையைப் பார்க்கிறது, நம் சட்டம் மனத்தைப் பார்க்கிறது. முழுப் படத்தையும் கைக்கருவிக்கு மாற்றுவது நியாயமான கையாளுதல் ஆகுமா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை; அதை ஒரு நீதிபதிதான் சொல்ல வேண்டும். இதற்கிடையே படம் பார்க்கும் கைக்கருவி தொலைபேசியாகிவிட்டது, புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டைச் செருகும் துளையே இல்லை.