மார்கரின் வாங்க மாநிலம் தாண்டினவங்க

மளிகை வாங்க எல்லை தாண்டியிருக்கீங்களா? அமெரிக்காவின் விஸ்கான்சின்ல தாண்டினாங்க. பால் பண்ணைகளை நம்பின மாநிலம் அது. வெண்ணெய் மாதிரியே இருந்து, விலையும் குறைவான மஞ்சள் மார்கரினை 1895-ல் தடை பண்ணுச்சு. விவசாயிங்க பயம் நியாயம்தான். ஆனா செலவு குடும்பங்கள் தலையில. வெள்ளை மார்கரின் விற்கலாம், பார்த்தா பன்றிக்கொழுப்பு மாதிரி இருக்கும்! அதனால இல்லினாய்க்குக் காரை விட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து டிக்கி நிறைய வாங்கிட்டு வந்தாங்க.

தடையை விடாம ஆதரிச்ச மாநில செனட்டர் கார்டன் ரோஸ்லீப், 1960-கள்ல நடந்த ருசிச் சோதனையில மார்கரினை வெண்ணெய்னு சொல்லிட்டார். அவர் உடம்பை நினைச்சு, வீட்ல அவருக்கே தெரியாம மார்கரின்தான் போட்டாங்கன்னு குடும்பம் பிறகு சொன்னது.

1967-ல் தடை போச்சு. ஆனா நீங்களா கேட்காம உணவகத்துல வெண்ணெய்க்குப் பதிலா மார்கரின் வைக்கக்கூடாதுங்கற சட்டம் அங்க அப்புறமும் நீடிச்சுது.