வெள்ளாவி: வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஆவி

கையில் பிடித்துப் பயன்படுத்தும் ஸ்டீம் கிளீனர் இப்போது சிற்றூர் வீடுகள் வரை வந்துவிட்டது. கால் லிட்டருக்கு முன்பின்னாகத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, அதைக் கொதிக்கவைக்கும் மின்சுருள், ஆவியைக் குவித்துப் பாய்ச்சும் மூக்கு; கருவி இவ்வளவுதான். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு, தரை ஓடுகளின் இடுக்கில் ஏறிய கறுப்பு, குழாய் மூட்டில் படிந்த அழுக்கு, மெத்தைத் தையலில் ஒளியும் மூட்டைப்பூச்சி என்று அதன் வேலைகளை அடுக்குகிறார்கள். மருந்தும் பொடியும் இல்லாமல் வெறும் ஆவியால் துப்புரவு செய்வதை இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பாகவே விற்பவர்கள் சொல்கிறார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தின் பழைய வாழ்க்கையை அறிந்தவர்களால் இதை ஒப்ப முடியாது. உடுத்திய துணி, விரித்த பாய்விரிப்பு, பேறுகால வீட்டுச் சேலை என ஒரு குடும்பத்தின் அழுக்கில் பெரும்பங்கை இங்கே பல தலைமுறைகளாக நீக்கியது ஆவிதான். அதற்குப் பெயர் வெள்ளாவி. அந்த ஆவி ஊருக்கு வெளியே, வண்ணார் என்ற ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. இன்று அது வீட்டுக்காரரின் கைக்கே வந்திருக்கிறது. இதில் புதியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இந்தக் கைமாற்றத்தைத்தான் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் நெசவு ஊர். கைத்தறியில் தொடங்கி விசைத்தறிக்கு மாறிய பின்னும் பருத்திச் சேலையும் துண்டும்தான் அதன் பிழைப்பு. தறியிலிருந்து இறங்கும் கோராத் துணி வெள்ளையாக இருப்பதில்லை. பஞ்சின் இயல்பான மெழுகும், பாவுக்குப் போட்ட கஞ்சியும், கைபட்ட அழுக்கும் அதில் சேர்ந்திருக்கும். மெழுகு வெறும் தண்ணீருக்கு மசியாது, அதற்குக் காரம் வேண்டும். அந்தக் காரத்தை மண்ணே கொடுத்தது. மழை நின்று வெயில் ஏறும் மாதங்களில் ஓடைக்கரையிலும் கண்மாய்ப் புறத்திலும் வெள்ளையாகப் பூக்கிற உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் மிகுதி. கடையில் சலவைச் சோடா என்று விற்கும் அதே பொருள். இந்த அறிவு மிகப் பழையது. களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியைப் புறநானூற்றின் 311-ஆம் பாடல் காட்டுகிறது. உழவனுக்கு உதவாத களர் வெளுப்பவருக்கு உதவும் என்பது சங்க காலத்திலேயே தெரிந்திருக்கிறது. இந்த ஊரின் சங்கரநாராயணர் கோயிலுக்கு வருபவர்கள் தோல் நோய் தீரும் என்று நம்பிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். அதே வட்டாரத்தில் துணியின் அழுக்கை உண்மையாகவே போக்கிய உவர்மண்ணுக்கோ, அதைச் சுரண்டி எடுத்துக் கழுதைமேல் ஏற்றிய கைகளுக்கோ எந்தப் பெருமையும் வாய்க்கவில்லை.

வெள்ளாவி வைக்கும் முறை ஊருக்கு ஊர் சிறிது மாறும், அடிப்படை ஒன்றுதான். துணிகளை உவர்மண் கரைசலில் முக்கி எடுத்துப் பிழிவார்கள். தரையில் குழி வெட்டிக் கட்டிய அடுப்பில் பெரிய பானை பதித்திருக்கும். பானையில் தண்ணீர், அதன் வாயைச் சுற்றி ஈரத்துணிகளை அடுக்கடுக்காக ஏற்றிக் குவியலாக்கி, ஆவி வெளியேறாதபடி மேலே கனத்த துணியால் மூடுவார்கள். அழுக்கு மிகுந்தது ஆவிக்குப் பக்கத்தில், மென்மையானது தள்ளி என்று அடுக்குவதற்கே தனிக் கணக்கு உண்டு. மாலையில் மூட்டிய நெருப்பு இரவெல்லாம் எரியும். விடிந்ததும் குவியலைப் பிரித்து வண்ணாந்துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள். பானைத் தண்ணீர் துணியைத் தொடுவதே இல்லை, ஆவி மட்டும் தொடுகிறது. நுட்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிராம் ஆவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் 100 பாகையிலிருந்து 40 பாகைக்கு இறங்கும்போது கொடுப்பது 60 கலோரிதான். ஒன்பது மடங்கு வெப்பம் துணியின் ஒவ்வோர் இழையிலும் போய் இறங்குகிறது. இழையில் ஏற்கெனவே ஊறியிருக்கும் காரம் அந்தச் சூட்டில் எண்ணெயையும் மெழுகையும் கரையும் பொருளாக மாற்றுகிறது. உவர்மண்ணோடு சுண்ணாம்பும் சேர்ந்தால் காரம் இன்னும் கடுமையாகும். துணி முழுவதையும் தண்ணீரில் மூழ்கடித்துக் கொதிக்கவைக்க எவ்வளவு விறகும் தண்ணீரும் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், வானம் பார்த்த இந்தப் பூமியில் இப்படி ஒரு முறை நிலைத்ததற்குக் காரணம் விளங்கும். குறைந்த நீர், குறைந்த விறகு, மிகுந்த வெப்பம். இன்றைய கைக்கருவியும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

இதைக் கைவேலை என்று மட்டும் சொல்லித் தொழில்நுட்ப வரலாற்றில் இடம் மறுப்பவர்கள் ஐரோப்பாவின் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே சாம்பல்காரத்தைச் சுடவைத்துத் துணிமேல் திரும்பத் திரும்ப ஊற்றுவதே நெடுங்கால வழக்கம். காரம் ஏற்றிய பருத்தியை ஆவியில் வைத்து வெளுக்கும் முறையை 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு வேதியியலாளர் சாப்தால் பரப்பினார். கீழை நாடுகளில் வழங்கிவந்த முறை என்றே அது அங்கு அறிமுகமானது. 1805-இல் காதே த வோ என்பவர் வீட்டுத் துணிகளை ஆவியில் வெளுப்பது பற்றி மக்களுக்கான கையேடு ஒன்றையே வெளியிட்டார். பிற்காலத் துணி ஆலைகளில் மூடிய இரும்புக் கொப்பரைக்குள் காரத்தோடு பல மணி நேரம் துணியை வேகவைத்ததும் இதே வேதியியல்தான். பாரிசில் அறிஞர் செய்தபோது அறிவியலானது, கரிசலில் வண்ணார் செய்தபோது சாதித் தொழிலானது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு அடுப்பில் இல்லை, எழுதிவைத்தவர்களிடம்தான் இருக்கிறது.

வெள்ளாவியின் நோக்கம் வெண்மைதானே, நோய்த்தடுப்பு இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிருமி என்ற கருத்து அன்று யாரிடமும் இல்லை. ஆவியின் கிருமிநீக்க ஆற்றலைக் கிருமியியலாளர் கோக்கும் அவருடைய துணைவர்களும் ஆய்ந்து வெளியிட்டதே 1881-இல்தான். ஆனால் ஒரு செயலின் காரணம் தெரியாததால் அதன் பயன் இல்லாமல் போய்விடாது. பேன், சிரங்குப் பூச்சி, அவற்றின் முட்டை எல்லாம் 55 பாகை வெப்பத்தில் சில நிமிடங்களில் அழிபவை. இரவு முழுவதும் 100 பாகை ஆவியில் இருந்த துணியில் அவை பிழைக்க வழியே இல்லை. மேலும், சூடு பூச்சியைக் கொல்லும் என்று மக்களுக்கு நன்றாகவே தெரியும். கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் சாய்த்து, அதன் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி மூட்டைப்பூச்சியை ஒழித்தது நம் வீடுகளின் வழக்கம். பின்னால் டிடிடி வந்தது, டிக்-20 வந்தது. மருந்துக்குப் பூச்சிகள் பழகிக்கொண்டன, சூட்டுக்குப் பழக முடியவில்லை. இன்று மெத்தை இடுக்கில் ஆவி பாய்ச்சுபவர்கள் அந்தக் கொதிநீர்ச் செம்பின் வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. வெள்ளாவியைத் தொழில்நுட்பம் என்று போற்றுவது, அந்தத் தொழிலில் சாதி கட்டிப்போட்டிருந்த மனிதர்களின் துயரத்தை அழகுபடுத்துவதாகாதா? இந்த வட்டாரத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டி எழுத முடியாது. சங்கரன்கோவில் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி 1932 டிசம்பர் 24 அன்று ‘தி இந்து’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார்கள் பகலில் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் மட்டும் வேலை செய்தார்கள் என்று அது சொன்னது. இந்தியச் சாதி பற்றி 1946-இல் வெளியான ஹட்டனின் நூல் அச்செய்தியை எடுத்தாண்டிருக்கிறது. தொடக்கூடாதவர் என்பதற்கும் கீழே, பார்க்கக்கூடாதவர் என்று ஒரு படி. ஊரின் அழுக்கை ஆவியில் வைத்து வெளுத்துக் கொடுத்தவர்களையே அழுக்கென்று ஒதுக்கிய கொடுமை இது. ஊர் வண்ணாருக்கும் கூலி என்று காசு கிடைக்கவில்லை. களத்தில் அளந்த தானியமும், மாலையில் வீடு வீடாகப் போய் வாங்கிய சோறும்தான். புதிரை வண்ணாரின் வாழ்க்கையை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994-இல் பதிவு செய்தது. புதிரை வண்ணாருக்கென்று அரசு நலவாரியம் அமைந்தது 2009-இல்தான். இவ்வளவையும் சொன்ன பிறகும் என் கருத்து மாறவில்லை. அவர்களுடைய துயரத்தை மட்டும் எழுதி அறிவை எழுதாமல் விட்டால், அவர்களிடம் தலைவிதி மட்டுமே இருந்தது, திறமை இல்லை என்றாகிவிடும். அவர்களைத் தாழ்த்தியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். எந்தத் துணி எவ்வளவு காரம் தாங்கும், எந்தச் சாயம் ஆவியில் இறங்கும், யாருடைய துணி எது என்பதற்குச் சேங்கொட்டைப் பாலால் இடும் குறி என்ன என்று எழுத்தில்லாமல் நினைவில் வைத்திருந்தது பெரிய கல்வி.

வெள்ளாவி மறைந்தது ஒரே நாளில் அல்ல. 1959-இல் சர்ஃப் பொடியும் 1969-இல் நிர்மாவும் வந்தன. வெள்ளாவிக்கு ஒவ்வாத பாலியெஸ்டர் துணி பரவியது. கண்மாய்கள் தூர்ந்தன. தொழிலை விட்டு வெளியேற வண்ணார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வழி திறந்தது. அதைவிட நல்ல காரணம் வேறில்லை. இடையில் இரண்டு தலைமுறைகளாக நம் வீடுகள் ஆவியை மறந்து, பாட்டிலில் வரும் அமிலத்தையும் வாசனைத் திரவத்தையும் துப்புரவென்று நம்பின. இப்போது ஆவி திரும்பி வருகிறது. துணிக்கு வைத்த ஆவிக்கும் தரைக்குப் பாய்ச்சும் ஆவிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு, கருவியைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறுகளே விடை. மூக்கிலிருந்து சற்றுத் தள்ளிப் போனாலே ஆவி விரைவாகச் சூடு இழக்கும். ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்காமல் வேகமாக இழுத்துக்கொண்டு போனால் பயனில்லை. இளகிய அழுக்கை உடனே துடைத்தெடுக்காவிட்டால் அது மறுபடியும் அங்கேயே படியும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டியில் உப்புப் படிந்து துளை அடைக்கும். நேரம் கொடுக்க வேண்டும், இளகியதை அடித்து வெளியேற்ற வேண்டும், தண்ணீரின் குணம் அறிய வேண்டும் என்ற மூன்றும் வெள்ளாவிக்காரருக்குப் பாலபாடம்.

சங்கரன்கோவில் 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. புதிய மாவட்டம் தன் வரலாற்றைத் தொகுக்கும்போது கோயிலும் பாளையங்களும் தவறாமல் இடம்பெறும். வெள்ளாவி அடுப்பு இடம்பெறுமா என்பதுதான் கேள்வி. அதை அடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால், உரிய ஊதியம் கொடுத்து, அவர்கள் கையாலேயே ஓர் அடுப்பைக் கட்டவைத்து, ஒரு வெள்ளாவியை மாலை முதல் விடியல் வரை படமெடுத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, வரலாற்று மாணவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலையை அவர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.