கடலடி ஒளிப்படத்தில் செயற்கை ஒளி: பூத்தான் முதல் எட்கர்ட்டன் வரை

கடலடி ஒளிப்படக்கலையின் வரலாறு பெரும்பாலும் ஒளிப்படக்கருவியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. நீர்புகாப் பெட்டியும் கண்ணாடிச் சாளரமும் விரிவாகப் பேசப்பட, விளக்கு துணைக்கருவியாக ஒதுக்கப்படுகிறது. ஆயின் நீருக்குள் முதன்மைச் சிக்கல் ஒளியே. சூரிய ஒளியின் செந்நிறக் கூறு முதற் சில மீட்டர்களிலேயே பெரிதும் உறிஞ்சப்படுவதால், அதற்குக் கீழே நீலமும் பச்சையுமே மேலோங்கி நிற்கின்றன.

பிரெஞ்சு விலங்கியலாளர் லூயி பூத்தான் 1893-இல் மத்தியதரைக் கடலோரப் பானியுலில் தம் சோதனைகளை மேற்கொண்டார். பகலொளியில் சில படங்களுக்கு அரைமணி நேரம்வரை தேவைப்பட்டது. அத்தகைய தகட்டில் நீந்தும் மீன் பதிய வழியில்லை. ஆகவே அவர் மெக்னீசியத்தை நாடினார். ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் கலத்துள் மெக்னீசியக் கம்பியை மின்சாரத்தால் எரிக்கும் முதல் அமைப்பு வெடிக்கும் அபாயம் உடையதாயிருந்தது. பின்னர் பீப்பாயொன்றின்மேல், கண்ணாடிக் கவிகைக்குள் சாராய விளக்கை எரியவிட்டு, ரப்பர் குமிழை அழுத்தி மெக்னீசியம் தூளைச் சுடர்மீது வீசச்செய்தார். 1899-இல் மின்வில் விளக்குகளுக்கு மாறினார்.

வண்ணம் 1926-இல் வந்தது. புளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுப் பகுதியில் மீனியலாளர் டபிள்யூ. எச். லாங்லியும் ஒளிப்படக்கலைஞர் சார்லஸ் மார்ட்டினும் ஆட்டோகுரோம் தகடுகளைப் பயன்படுத்தினர். அத்தகடுகள் ஒளியுணர்வு மிகக் குறைந்தவை. எனவே நீர்மட்டத்தில் மிதந்த தெப்பத்தில் மெக்னீசியம் தூளைக் குவித்து, மூடியியக்கத்தோடு மின்கலத்தால் இணைத்துக் கொளுத்தினர். ஒருமுறை தூள் முன்கூட்டியே வெடித்து லாங்லி தீக்காயமுற்றார். இப்படங்கள் 1927 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வெளிவந்தன.

அடுத்து வந்த பளிச்சுக்குமிழ்களை ஒருமுறையே பயன்படுத்த இயலும் என்பதால், மூழ்குநர் நீருக்குள்ளேயே அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்கர்ட்டன் 1930-களில் வளர்த்தெடுத்த மின்பளிச்சு விளக்கு (ஸ்ட்ரோப்) இத்தடையை நீக்கியது. மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் வளிமக்குழாய் வழியே நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பாய்ந்து ஒளிரும். தேக்கி நிரம்பியதும் மீண்டும் ஒளிரும். 1953 முதல் கூஸ்தோவின் கலிப்சோ கப்பற்குழுவோடு பணியாற்றிய அவரை அக்குழுவினர் 'பாப்பா ஃப்ளாஷ்' என்றழைத்தனர்.

இம்மாற்றத்தை வேகத்தின் வெற்றியாக மட்டும் கொள்வது போதாது; விளக்கின் இடமும் மாறியது. லாங்லியின் ஒளி மேலிருந்து நீரைக் கடந்தே மீனை அடைந்தது. செந்நிறத்தின் ஒரு பகுதியை வழியிலேயே இழந்தது. மூழ்குநர் கையிலேந்திய ஸ்ட்ரோப்போ, ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவிலிருந்து முழு நிறமாலையையும் பாய்ச்சவல்லது. இருபது மீட்டர் ஆழத்தில் மூழ்குநரின் கண்ணுக்குக் கருமையாய்த் தோன்றும் சிவப்பு மீன், அதனால் படத்தில் சிவப்பாகவே பதிகிறது. மீன்களின் நிறத்திற்கும் சூழலுக்குமான உறவை ஆராய்ந்தவர் லாங்லி. அவ்வகை ஆய்வுக்கு ஸ்ட்ரோப் படம் மீனின் நிறமியைக் காட்டும் சான்றாகலாம். அம்மீன் தன் வாழிடத்தில் பிற உயிர்களுக்கு எவ்வாறு தோன்றியது என்பதற்கு அது சான்றாகாது.