மூன்று தேதி, ஒரே புதன்

பெண்ணாடத்து வீடுகளில் நாம் நாள்தோறும் கிழிக்கும் தாளில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் கிழமையும் சேர்ந்தே நிற்கின்றன. அவ்வழக்கத்தின் அருமையை உணர, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும். ஆளுநர் தூப்ளேயின் துபாசியாயிருந்த அவர், 1736 முதல் 1761 வரை, தமிழ் ஆண்டு, மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் கிழமையையும் குறித்தே அன்றன்றைய செய்தியை எழுதி வந்தார்.

இது வெறும் ஒழுங்கன்று, தேவை. திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் 1582இல் திருத்திய நாட்காட்டியைப் பிரெஞ்சுக்காரர் அப்போதே ஏற்றனர். ஆங்கிலேயரோ (உரோமையிலிருந்து வந்தது என்ற கசப்பும் ஒரு காரணம்) 1752 வரை ஏற்கவில்லை. பிள்ளையின் காலத்தில் இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. புதுச்சேரியில் கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலி நடக்கையில், அருகே ஆங்கிலேயரின் கடலூர்க் கோட்டையில் டிசம்பர் 14தான்! தவணை குறித்த கடன்சீட்டுகள் என்ன பாடுபட்டிருக்கும்!

1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த நாள், வென்றவர்க்குச் செப்டம்பர் 21. தோற்றவர்க்குச் செப்டம்பர் 10. பிள்ளைக்கோ அட்சய ஆண்டுப் புரட்டாசி. கிழமை மட்டும் மூவர்க்கும் புதனே. நாட்காட்டியிலிருந்து பத்து நாள்களை நீக்கிய திருத்தந்தை, வாரத்தின் வரிசையைத் தொடவில்லை. 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளி.