துணிச்சின்னங்களும் மூலாதாரத் திறனாய்வும்: பர்மாப் போர்முனையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வரலாற்று மூலாதாரங்கள் என்றதும் சாசனம், ஏடு, நாணயம் என்பனவே மாணவர் மனத்தில் முதலில் எழுவன. படைவீரனின் மேற்கையிற் தைக்கப்பட்ட சிறு துணித்துண்டு அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவது அரிது. ஆயினும், ஒரு படைப்பிரிவின் இருப்பையும் அமைப்பையும் அறிவதற்கு அதுவும் சான்றாகும். சான்றுக்குச் சந்தை விலை ஏற்பட்டவிடத்துப் போலியும் தோன்றுகின்றது. இரண்டாம் உலக மகாயுத்தகாலத் துணிச்சின்னங்கள் இதற்கு விதிவிலக்கல்ல.

பர்மாப் போர்முனையை எடுத்துக்கொள்வோம். 1943இல் உருவான பிரித்தானியப் பதினான்காவது இராணுவத்தின் சின்னத்தை அதன் தளபதி சிலிம் தாமே வரைந்தார். அதிலுள்ள சிவப்பும் கறுப்பும் பிரித்தானிய, இந்தியப் படைகளைக் குறித்தன. கேடயச்சின்ன மரபுக்கு மாறாக வாள் கீழ்நோக்கியிருந்தது. பர்மாவை வடக்கிலிருந்து தெற்காக மீட்கவேண்டியிருந்தமையே அதற்குக் காரணம் என்பர். அவ்விராணுவத்தில் இந்தியரே பெரும்பான்மையினர், ஆபிரிக்கரும் இருந்தனர். 81ஆவது மேற்காபிரிக்கப் படைப்பிரிவு, நாட்டார் கதைகளில் வரும் ஆனான்சி என்ற சிலந்தியைச் சின்னமாகக் கொண்டிருந்தது. 1944 ஏப்பிரிலிற் பேராதனைப் பூங்காவுக்கு இடம்பெயர்ந்த தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் சின்னமோ தீயிலிருந்தெழும் பீனிக்சுப் பறவை.

இங்கிலாந்தில் இத்தகைய சின்னங்களை ஆலைகள் ஒரே சீராகத் தயாரித்தன. நூலையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும் பொருட்டுப் பின்னர் பருத்தித் துணியில் அச்சிடும் முறையும் கையாளப்பட்டது. இந்தியாவிலோ கடைவீதித் தையற்காரர் பலர், கிடைத்த துணியிற் கையாலும் இயந்திரத்தாலும் தைத்துக் கொடுத்தனர். அதனால் ஒரே சின்னம் பல உருவங்களிற் காணப்படுகின்றது. ஆலைச்சீர்மையை அளவுகோலாகக் கொள்ளும் சேகரிப்பாளர் இவற்றைப் போலியென ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில், அறியப்படாத அத்தையற்காரரின் கைவேலைக்கு எஞ்சிய சான்று பெரும்பாலும் இவைதாம். மறுபுறம், தம் சரக்கின் குறைகளை மறைக்க விரும்பும் வணிகர் "போர்முனையில் தைத்தது" என்ற ஒரே வாக்கியத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகின்றனர். தோற்றத்தை மட்டும் நம்புவோர் இரு வழியாலும் ஏமாறுவர்.

எனவே பொருளையே ஆராயவேண்டும். யுத்தகாலச் சின்னங்களை அச்சிட்ட நிறுவனங்களுள் ஒன்றான மான்செஸ்டர் கலிக்கோ அச்சிடுவோர் சங்கத்தின் ஆய்வாளரான வின்ஃபீல்டும் டிக்சனுமே 1941இற் பொலியெஸ்டர் இழையைக் கண்டறிந்தனர் என்பது சுவையான செய்தி. எனினும் அவ்விழை 1950களிலேயே சந்தையிற் பரவியது. 1944ஆம் ஆண்டுக்குரியதெனக் கூறப்படும் சின்னத்தில் அவ்விழை காணப்படின் வேறு விசாரணை வேண்டியதில்லை. உதிர்ந்த நூலொன்றை எரித்தால், பருத்தி சாம்பலாகும்; பொலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாய் இறுகும்.

கழியூதாக் கதிர் பட்டதும் நீலவெண்மையாய் ஒளிர்வது இன்னொரு தடயம். துணியை வெண்மையாக்கும் இரசாயனப் பொருள்கள் யுத்தத்தின் பின்னரே சலவைத்தூள்களிற் பரவலாயின. ஆனால் இச்சோதனையைத் தனித்து நம்புதல் தவறு. வீடு திரும்பிய வீரனின் சட்டையை 1960இல் மனைவி சலவை செய்திருந்தால், உண்மைச் சின்னமும் ஒளிரும். பழைய பருத்தியைத் தேடியெடுத்துத் தைத்த போலியோ ஒளிராது.

முதுமையூட்டும் தந்திரங்களுள் தேயிலைச் சாயத்தில் தோய்ப்பது மிக எளியது. (இலங்கையருக்கு இது வியப்பளிக்காது.) அச்சாயம் முன்புறம், பின்புறம், மடிப்பின் உட்பக்கம் எங்கும் ஒரேயளவிற் படிகின்றது. வெயிலும் வியர்வையும் அவ்வாறு தொழிற்படுவதில்லை. அணியப்பட்ட சின்னத்தின் முகப்பு வெளிறியிருக்கும்; சட்டையோடு ஒட்டியிருந்த பின்புறமும் உள்மடிந்த ஓரமும் பழைய நிறத்தைக் காத்து நிற்கும். வெப்பநாடுகளில் அடிக்கடி சலவை செய்யவேண்டியிருந்தமையால், கழற்றி மாட்டத்தக்கவாறு அமுக்குப் பொத்தான்கள் தைக்கப்பட்டதும் உண்டு. அவற்றின் துருத்தடம் துணியின் இழைக்குள் ஊறியிருக்கும். மேலே பூசிய துரு இழையின் புறத்தேதான் நிற்கும்.

இத்தனைக்கும் தப்பும் போலிகளும் உள. அந்நிலையிற் துணி பேசாது. அதனுடன் வந்த கடிதமும் புகைப்படமும் படைச்சேவைப் பதிவுமே பேசவேண்டும்; அவற்றிலுள்ள மையையும் கடதாசியையும் இதேபோன்று மீண்டும் சோதித்தல் வேண்டும்.